சொற்சுமந்து சென்ற சிறைவாசி
(றொபேட் நொக்ஸ் வரலாறு)

பண்டங்கள் கப்பலேறிப் பிறநாடு செல்வதுபோலச் சொற்களும் கப்பலேறிச் செல்லும் இயல்பின. மிளகும் முத்தும் கறுவாவும் யானைத் தந்தமும் நம் கரைகளிலிருந்து மேனாடு சென்ற காலத்தில் அவற்றின் பெயர்களும் உடன் சென்றன. சென்ற பண்டங்கள் நுகரப்பட்டு ஒழிந்தன. சென்ற பெயர்கள் இன்றும் ஆங்கில அகராதியில் நிலைபெற்று வாழ்கின்றன. ஆங்கிலப் பாடநூலை அச்சத்தோடு விரிக்கும் நம் மாணவன், அதிலுள்ள சொற்களிற் சில தன் வீட்டுச் சமையலறையிலும் வயல்வரம்பிலும் பிறந்தவை என்பதை அறியான். அறிந்தால் அச்சம் சிறிது குறையும். அம்மொழிமேல் உறவும் பிறக்கும்.

இவ்வாறு சொற்களைச் சுமந்து சென்றோர் பலராவர். அவருட் பெரும்பாலோர் வணிகரும் சமய போதகரும் அரசாங்க உத்தியோகத்தருமே. ஆயின், அவருள் ஒருவர் சிறைவாசி. பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டி மன்னன் காவலில் இருந்து, இறுதி ஆண்டுகளை இந்த ஹந்தானை மலைத்தொடருக்கு மேற்கே உடுநுவரைப் பகுதியிற் கழித்து, பின் காடு கடந்து தப்பிச் சென்று, இந்நாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெருநூல் எழுதியவர் அவர். றொபேட் நொக்ஸ் என்னும் அப்பெரியாரின் வாழ்க்கையையும், அவர் நூலின் வழியாக ஆங்கிலம் அறிந்துகொண்ட சொற்களின் வரலாற்றையும் இந்நிறைவு மலரிற் சுருங்கக் கூற விழைகின்றோம்.

இளமையும் கடற்செலவும்

நொக்ஸ் 1641ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 8ஆந் திகதி இலண்டன் மாநகரில் தோன்றினார். தந்தையார் பெயரும் றொபேட் நொக்ஸ் என்பதே; அவர் ஒரு கப்பற் தலைவர். தாயார் தெய்வபக்தி மிக்கவர். தாயிடம் பெற்ற பக்தியும் தந்தையிடம் பெற்ற கடற்றுணிவும் மைந்தரிடத்து ஒருங்கே அமைந்தன. இளமையிலேயே தந்தையாருடன் கடற்செலவு மேற்கொண்ட அவர், 1658ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பனியாரின் பணியில் 'ஆன்' என்னும் கப்பலேறி மீண்டும் கீழ்நாடு நோக்கிப் புறப்பட்டார்.

1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மசூலிப்பட்டினத் துறையில் அக்கப்பல் நங்கூரமிட்டு நின்றபோது பெரும்புயல் ஒன்று வீசிற்று. கப்பலைக் காத்தற்பொருட்டுப் பாய்மரத்தை வெட்டி வீழ்த்த நேர்ந்தது. புதிய பாய்மரம் அமைத்தற்கும் சிறிது வணிகஞ் செய்தற்குமாகக் கப்பல் இலங்கையின் கீழ்கரையிலுள்ள கொட்டியாரக் குடாவை அடைந்தது. மூதூரைச் சார்ந்த அவ்விடத்திலேதான் நொக்ஸ் குடும்பத்தின் ஊழ் அவர்களுக்காகக் காத்திருந்தது.

அக்காலத்தில் கண்டி இராச்சியத்தை ஆண்டவன் இரண்டாம் இராசசிங்கன். போர்த்துக்கேயரை இந்நாட்டிலிருந்து ஓட்டுதற்கு ஒல்லாந்தரைத் துணைகொண்டு, 1658இல் அது நிறைவேறியபின் அத்துணைவரே கரையோரத்தைக் கைப்பற்றிக்கொள்ளக் கண்டு மனங்கசந்திருந்தவன் அவன். ஐரோப்பியர் எவரையும் அவன் நம்பினானல்லன். கரையிறங்கிய கப்பற் தலைவரையும் அவர் கூட்டத்தாரையும் அரசன் ஆட்கள் வளைத்துப் பிடித்தனர். இது நிகழ்ந்தது 1660ஆம் ஆண்டு ஏப்பிரில் 4ஆந் திகதி.

அப்பொழுது நிகழ்ந்த செயலொன்று இளைஞரின் உள்ளத்தைக் காட்டவல்லது. கப்பலை ஆற்றினுள் கொண்டுவரும்படி சொல்லுதற்காகப் பிடித்தோர் மைந்தரைக் கப்பலுக்கு அனுப்பினர். அவரோ தந்தையாரின் கருத்துணர்ந்து, கப்பலைக் காத்துக்கொண்டு செல்லுமாறு மாலுமிகளுக்கு அறிவித்தார். அவ்வளவில் தாமும் கப்பலிலேயே தங்கித் தப்பியிருக்கலாம். தந்தையாருக்குக் கொடுத்த வாக்கை எண்ணி அவர் கரைக்கு மீண்டார். பத்தொன்பது வயதில் அவர் தெரிந்துகொண்ட அவ்வழி, பத்தொன்பதாண்டுச் சிறைவாழ்வுக்கு அவரை இட்டுச் சென்றது.

சிறைவாழ்வு

சிறைப்பட்டோர் பதினாறு பேர். அவர்களைத் தனித்தனியே ஊர்களிற் பிரித்து வைத்து, ஊரவரே உணவளிக்கவேண்டும் என்பது அரசன் ஆணை. சங்கிலியும் கற்சுவரும் அச்சிறையில் இல்லை. மலையும் காடும் காவற்கடவைகளுமே சுவர்களாய் நின்றன. நொக்ஸ் தந்தையும் மைந்தரும் ஏழு கோறளையிலுள்ள பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் வைக்கப்பட்டனர். அவ்விடத்துக் குளிர்காய்ச்சல் இருவரையும் பற்றிற்று. மைந்தரின் எதிர்காலத்தைத் தம்மாற் கெடுத்தோமே என்ற கவலை தந்தையாரை மேலும் வாட்டியது. 1661ஆம் ஆண்டு பெப்ருவரி 9ஆந் திகதி அவர் உயிர் துறந்தார். எழுந்து நிற்கவும் வலியற்ற மைந்தர், தம்முடனிருந்த சிறுவன் ஒருவன் துணைகொண்டு தாமே குழி தோண்டித் தந்தையாரை அடக்கஞ் செய்தார்.

தனித்து விடப்பட்ட இளைஞருக்குத் துணையாயிருந்தவை இரண்டு சமய நூல்களே. அவற்றை அவர் நெட்டுருவாகும்வரை ஓதினார். பின்னொருநாள் ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருக்கையில், முதியவர் ஒருவர் தம்மிடம் ஓர் ஆங்கிலப் புத்தகம் உளதென்று தெரிவித்தார். பார்த்தபோது அது விவிலிய நூலாயிருந்தது. போர்த்துக்கேயரிடமிருந்து கிடைத்த அந்நூலை அம்முதியவர் ஒரு பின்னற் தொப்பிக்கு ஈடாகக் கொடுத்துவிட்டார். தாய்மொழியிற் பேசுதற்கு ஆளில்லாத ஒருவருக்குத் தாய்மொழி நூலொன்று கிடைத்தல் எத்தகைய பேறென்பதை, மொழி பயிற்றுந் தொழிலினராகிய நாம் நன்குணர்வோம்.

தொப்பி பின்னுதல் அவருக்குத் தொழிலுமாயிற்று. பின்னிய தொப்பிகளை விற்றார். நெல்லைக் கடனாகக் கொடுத்து, அறுவடையில் ஒன்றரை மடங்காகத் திரும்பப் பெற்றார். இவ்வட்டி அந்நாட்டு வழக்கமேயாயினும் சிறிதென்று சொல்லுதற்கில்லை. நாடோடி வணிகமுஞ் செய்து ஊரூராகத் திரிந்தார். திரியுந்தோறும் சிங்கள மொழியைச் செவிவழியாகக் கற்றார். இலக்கணமும் அகராதியுமின்றி, வயலிலும் சந்தையிலும் கற்ற மொழி அது.

1664ஆம் ஆண்டின் இறுதியில் நிலம்பையிலிருந்த அரசன் மாளிகையில் பெருங்கலகம் விளைந்தது. நம் ஹந்தானைக்குத் தெற்கேயுள்ள மலைநாட்டூரே அந்நிலம்பை. கலகக்காரர் வென்றிருந்தால் சிறைப்பட்ட ஐரோப்பியர் விடுதலை பெற்றிருத்தலுங்கூடும். அரசனே தப்பி வென்றான். அதன்பின் அங்குராங்கெத்தையில் உறைந்தான். சிறைப்பட்டோர் ஓரூரிலிருந்து மற்றோரூருக்கு மாற்றப்பட்டனர். நொக்ஸும் மலைமேலுள்ள இலகுந்தெனிய என்னும் ஊருக்கு அனுப்பப்பட்டு, அவ்விடத்தின் தனிமையில் வருந்தினார்.

ஈற்றில் உடுநுவரையிலுள்ள ஏலதெத்த என்னும் ஊரில் இருபத்தைந்து இலாறின் வெள்ளிக்கு ஒரு நிலம் வாங்கி, வீடுகட்டி, தென்னையும் பழமரங்களும் நட்டு வாழ்ந்தார். உடனிருந்த ஆங்கிலேயர் மூவரும் அவரும் மணஞ்செய்யாதிருப்பதென்று உறுதி பூண்டனர். நாளடைவில் இருவர் மணஞ்செய்து பிரிந்தனர். எஞ்சியவர் நொக்ஸும் தீவன் றட்லந்து என்பவருமே. உடன் சிறைப்பட்ட மற்றோராங்கிலேயரின் பெண்மகவு ஒன்றை நொக்ஸ் தம் மகள்போல வளர்த்தார். வீடுண்டு, நிலமுண்டு, அயலார் மதிப்புமுண்டு. ஆயினும் அவர் உள்ளம் கடலை நோக்கியே இருந்தது.

காடு கடந்தமை

வணிகஞ் செய்வார்போல வடக்கு நோக்கிப் பலமுறை சென்று, நொக்ஸும் றட்லந்தும் வழிகளை ஆராய்ந்து வந்தனர். நீரின்மையாலும் நோயாலும் காவலாலும் பலமுறை திரும்ப நேர்ந்தது. ஆண்டுகள் சென்றன. 1679ஆம் ஆண்டு செப்தெம்பர் 22ஆந் திகதி, கத்தி, மிளகு முதலிய வணிகப் பொருள்களைச் சுமந்து ஏலதெத்தவை விட்டு இருவரும் புறப்பட்டனர். அனுராதபுரத்தை அடைந்து, அங்கிருந்து மல்வத்து ஓயா என்றும் அருவியாறு என்றும் வழங்கும் ஆற்றின் போக்கைப் பற்றிக்கொண்டு காட்டினுள் இறங்கினர். யானையும் முதலையும் நிறைந்த வழி அது. மழை பெய்த இரவுகளில் தாளிப்பனையோலையே அவர்களுக்குக் கூரையாயிற்று.

கண்டி இராச்சியத்தின் எல்லை கடந்தால் வன்னித் தமிழர் நாடு. அந்நாட்டாரிடம் அகப்பட்டால் மீண்டும் அரசனிடமே ஒப்புவிக்கப்படுவோம் என்று இருவரும் அஞ்சினர். அவர்களுக்கு நம் மொழி தெரியாது. ஆயினும் அங்கே மரத்தடியில் சோறு சமைத்துக்கொண்டிருந்த அந்தணர் இருவரைக் கண்டபோது அவ்வச்சம் நீங்கும்படியாயிற்று. அவ்விருவரும் இவர்கள்பால் இரங்கினர். சிறு கையுறை பெற்று வழியுங் காட்டினர். பெயரறியப்படாத அவ்விருவரின் இரக்கமும் நொக்ஸின் நூலில் இடம்பெற்று உலகறியலாயிற்று. அஞ்சிய இடத்தில் அருள் கிடைத்ததை அவர் மறைத்தாரல்லர்.

ஒக்தோபர் 18ஆந் திகதி இருவரும் மன்னார்க் கரையில் ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டையை அடைந்தனர். சிறைப்பட்ட நாளிலிருந்து பத்தொன்பது ஆண்டும் ஆறு மாதமும் பதினான்கு நாளும் சென்றிருந்தன. மன்னார், கொழும்பு, பத்தாவியா வழியாகச் சென்று, 1680ஆம் ஆண்டு செப்தெம்பரில் நொக்ஸ் தாய்நாடு சேர்ந்தார். இளைஞராய்ப் புறப்பட்டவர் நாற்பதை அணுகியவராய் மீண்டார்.

நூலின் தோற்றம்

மீள்பயணத்தில் கப்பலிலிருந்தே தம் நினைவிலுள்ளவற்றை அவர் எழுதத் தொடங்கினார். குறிப்பேடு எதுவும் அவரிடம் இருந்ததில்லை. கண்டனவும் கேட்டனவும் நெஞ்சிலேயே பொறிக்கப்பட்டிருந்தன. அவருடைய உறவினரும் வரலாற்றாசிரியருமாகிய ஜோன் ஸ்திறைப் அவ்வெழுத்தை ஒழுங்குபடுத்த உதவினார். றோயல் சங்கத்தைச் சேர்ந்த பேரறிஞர் றொபேட் ஹூக் அதற்கு முகவுரை வழங்கினார். கட்டடக் கலைஞர் கிறிஸ்தோபர் றென் அதனை அச்சேற்றத் தக்கதென்று பரிந்துரைத்தார். 1681ஆம் ஆண்டில் இலண்டனில் அந்நூல் வெளிவந்தது.

நூல் நான்கு பகுதிகளையுடையது. முதலாவது நாட்டின் இயற்கை வளத்தையும், இரண்டாவது அரசனையும் ஆட்சியையும், மூன்றாவது மக்களின் சமயத்தையும் பழக்கவழக்கங்களையும், நான்காவது ஆங்கிலச் சிறைவாசிகளின் வரலாற்றையும் கூறும். ஜெர்மன், ஒல்லாந்து, பிரெஞ்சு மொழிகளில் 1689, 1692, 1693ஆம் ஆண்டுகளில் அது பெயர்க்கப்பட்டது. ஆங்கில நாவலாசிரியர் டானியல் டெபோ, 1720இல் வெளிவந்த தம் கதையொன்றில் நொக்ஸின் வரலாற்றைச் சுருக்கியே சேர்த்துக்கொண்டார்.

அவர் நூல் தந்த சொற்கள்

நொக்ஸ் மொழிநூற் புலவரல்லர். ஆயினும் கண்ட பொருளுக்கு அந்நாட்டார் இட்ட பெயரையே எழுதி, அதன் பொருளையும் விளக்குதல் அவர் வழக்கம். ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இல்லாதவிடத்துப் பொருந்தாத சொல்லொன்றை இட்டு மழுப்பினாரல்லர். அதனால் அவர் நூல் அகராதி செய்வோருக்குப் புதையலாயிற்று.

கண்டி என்னும் பெயரையே முதலில் எடுத்துக்கொள்வோம். இது கிறிஸ்தவர்கள் வழங்கும் பெயரென்றும், மலையைக் குறிக்கும் 'கந்த' என்னும் சிங்களச் சொல்லிலிருந்து வந்திருக்கலாமென்றும், ஊரவர் செங்கடகல நுவரை என்றே சொல்லுவரென்றும் அவர் தெளிவாக உரைத்துள்ளார். மாணவர் சிலர் நம் நகரின் பெயரையும், ஆங்கிலத்தில் இனிப்புத் தின்பண்டத்தைக் குறிக்கும் 'கண்டி' என்னுஞ் சொல்லையும் ஒன்றென மயங்குவர். இரண்டும் எழுத்தால் ஒத்தன, பிறப்பால் வேறு. தின்பண்டத்தின் பெயர் துண்டு என்னும் பொருளுடைய 'கண்ட' என்னும் வடசொல்லிலிருந்து பாரசீகம், அரபு வழியாகச் சென்றது. நம் கற்கண்டிலுள்ள கண்டு அதற்கு உறவு. ஒலியொப்புமை கண்ட அளவில் உறவு கூறலாகாது என்பதற்கு இஃதொரு நல்ல பாடம்.

'புத்தர்' என்னும் திருப்பெயர் ஆங்கிலத்திற் பதிவாகிய முதலிடம் நொக்ஸின் நூலே என்று அகராதியார் காட்டுவர். அறிவுற்றவர், விழிப்புற்றவர் என்பது அதன் பொருள். அவ்வாறே 'பூசை' என்பதற்கும் அந்நூலே பழஞ்சான்று. வடமொழியில் வழங்கும் இச்சொல், பூவாற் செய்யும் வழிபாடு என்னும் பொருளில் திராவிட மொழிகளிலிருந்து சென்றது என்பாரும் உளர். காட்டில் வாழும் 'வெத்தா' மக்களைப் பற்றியும் அவர் முதலில் எழுதினார். அப்பெயர் ஒலியாலும் பொருளாலும் நம் வேடர் என்னுஞ் சொல்லை அணுகியிருத்தல் வெளிப்படை.

'தலிப்பொத்' என்பது மற்றொன்று. தாளம் என்பது பனை. பத்திரம் என்பது இலை. பனையிலை என்னும் பொருளில் பிறந்த அப்பெயர், ஆங்கிலத்தில் தாளிப்பனை மரத்துக்கே பெயராயிற்று. ஓரிலை பதினைந்து, இருபது பேரை மழையிலிருந்து காக்கும் என்று நொக்ஸ் வியந்து எழுதி, அவ்வோலையைத் தலைமேற் பிடித்துச் செல்லும் மனிதனின் படத்தையும் நூலிற் சேர்த்தார். காட்டிலே தம்மைக் காத்த ஓலைக்கு அவர் செலுத்திய நன்றி என்று அதனைக் கொள்ளலாம்.

'வண்டறூ' என்னும் சொல்லின் கதை நகைச்சுவை பொருந்தியது. சாம்பல் நிறமும் வெண்தாடியும் உடைய நம் மலைநாட்டுக் குரங்கை, வானரம் என்னும் வடசொல்லோடு உறவுடைய சிங்களப் பெயராலேயே நொக்ஸ் குறித்தார். பின்வந்த பிரெஞ்சு நாட்டு இயற்கை நூலார் அப்பெயரை எடுத்து, மலையாளக் காடுகளில் வாழ்வதும் இலங்கையில் இல்லாததுமான சிங்கவாற் குரங்குக்கு இட்டுவிட்டனர். நேரிற் கண்டவன் சொல் சரியாயிருப்பினும், காணாதவன் எழுதும்போது பெயர் இடம் மாறிவிடும் என்பதற்கு இது சான்று.

இனி, நமக்கு மிக அண்மையான சொல் 'கரி' என்பது. பிஞ்சும் காயும் பறித்து, சோற்றோடு உண்ணுதற்கு ஆக்கும் பதார்த்தத்தை நொக்ஸ் இப்பெயராற் குறித்து, இது போர்த்துக்கேயர் வழங்கும் சொல் என்றும் கூறிச் சென்றார். அவர் காதில் அது போர்த்துக்கேயர் வாய்வழியாகவே விழுந்தது. ஆகவே அவர் கேட்டபடி எழுதினார். அச்சொல்லோ நம் கறியே. தமிழகத்துக் கரையிலும் மலையாளக் கரையிலும் போர்த்துக்கேயர் கற்ற இச்சொல்லை, 1598இலேயே ஓர் ஒல்லாந்தரின் பயண நூல் மொழிபெயர்ப்பு வாயிலாக ஆங்கிலம் கேட்டிருந்தது. பிறர் கையில் இருக்கும் பொருளெல்லாம் அவருடையதே ஆகாதவாறுபோல, பிறர் வாயிலிருந்து வரும் சொல்லெல்லாம் அவர் சொல்லே ஆகாது.

நொக்ஸின் நூலை இத்துறையில் நன்கு பயன்படுத்தியோர் ஹென்றி யூல், ஆதர் கோக் பேணெல் என்னும் இருவர். பேணெல் தஞ்சாவூரில் நீதிபதியாயிருந்து, அவ்வரண்மனை ஏட்டுச் சுவடிகளுக்கு அட்டவணை செய்த அறிஞர், 1882இல் காலமானார். இருவரும் தொகுத்த ஆங்கில-இந்தியச் சொல்லகராதி 1886இல் 'ஹொப்சன்-ஜொப்சன்' என்னும் வியப்பான பெயரோடு வெளிவந்தது. ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டில் எவர் நூலில் எவ்வுருவில் வந்தது என்று அவர்கள் நிரல்படுத்தினர். அந்நிரலில் நொக்ஸ் பலவிடத்துச் சாட்சியாய் நிற்கின்றார். கட்டுமரம் 'கற்றமறான்' ஆனதும், சுருட்டு 'செறூட்' ஆனதும், மிளகுத் தண்ணீர் 'மலிகற்றோனி' ஆனதும், கஞ்சி ஆங்கிலர் நாவிலும் ஏறியதும் அவ்வகராதியாற் புலனாகும்.

நொக்ஸுக்குப் பின்னும் இந்நாட்டிலிருந்து சொற்கள் சென்றுகொண்டேயிருந்தன. நொக்ஸ் பெரும்பாம்பைப் 'பிம்புற' என்றே எழுதினார். ஆனால் 1693இல் ஜோன் றே என்னும் இயற்கை நூலார் இலங்கைப் பாம்பொன்றின் பெயராக 'அனகண்டையா' என்பதைக் குறித்தார். யானைகொன்றான் என்னும் தமிழ்ப் பெயரே அது என்பர் ஒருசாரார். 'ஹெனகந்தயா' என்னும் சிங்களப் பெயர் என்பர் மற்றொருசாரார். இன்று அப்பெயர் தென்னமெரிக்கப் பாம்புக்கு உரியதாகிவிட்டது. சிவந்த குருந்தக் கல்லின் தமிழ்ப் பெயர் 'கொறண்டம்' என்று மணிநூலில் வழங்குகின்றது. 1754இல் ஹொறேஸ் வால்போல் என்பார், செரந்தீவு அரசகுமாரர் மூவர் கதையை நினைந்து, எதிர்பாராது நற்பொருள் காண்டலைக் குறிக்க 'செறண்டிப்பிற்றி' என்னும் சொல்லைப் படைத்தார். நம் தீவின் பழம்பெயர் அதனுள்ளே மறைந்திருக்கின்றது.

பிற்கால வாழ்வு

நூல் வெளிவந்த ஆண்டிலேயே கும்பனியார் நொக்ஸைக் கப்பற் தலைவராக்கினர். 'தொன்கின் மேர்ச்சன்ட்' என்னும் கப்பலில் அவர் பலமுறை கீழ்நாடு சென்றார். ஒருமுறை சென் ஹெலினாத் தீவில் மாலுமிகளே அவரைக் கரையில் விட்டுக் கப்பலோடு சென்றுவிட்டனர். ஹூக் என்பாரின் நட்பு நீடித்தது. நொக்ஸ் கொணர்ந்த செடிகளையும் செய்திகளையும் கொண்டு ஹூக் றோயல் சங்கத்தில் விரிவுரை செய்தார்; 1689இல் கஞ்சாச் செடியைப் பற்றிச் செய்த உரை அவற்றுள் ஒன்று.

இவ்விடத்து ஓர் உண்மையை நாம் மறைத்தல் தகாது. சென் ஹெலினாவுக்கு அடிமைகளை வாங்கிச் செல்லுமாறு கும்பனியார் அவரை மடகாஸ்கருக்கு அனுப்பினர், அவரும் சென்றார். பிறர் காவலில் தம் இளமை முழுவதையும் இழந்தவர், பிறரை விலைகொடுத்து வாங்கும் தொழிலில் ஈடுபட்டார். அக்காலத்து வழக்கம் அது என்று கூறி அமைதலும் ஒருவாறு கூடும். ஆயினும் சிறையின் துயரை ஏட்டிலே அவ்வளவு நுண்மையாய் எழுதியவர், அத்துயரைப் பிறர் முகத்திலே வாசிக்காமற் போனது வருந்தத்தக்கதே. தம் துன்பம் பிறர் துன்பத்தை அறிவித்தல் தானே நிகழ்வதன்று. அதற்கு அறிவும் முயற்சியும் வேண்டும்.

அவரிடம் அன்பு இல்லாமற் போகவுமில்லை. ஏலதெத்தவில் விட்டுவந்த வீடும் நிலமும் தாம் வளர்த்த பெண்மகவுக்கே உரியனவாகுக என்று பின்னாளிற் கடிதம் எழுதினார். அவர் மணஞ்செய்துகொள்ளவேயில்லை. தம் நூலுக்கு மேலும் மேலும் குறிப்புகள் எழுதிச் சேர்த்துவந்த அவர், 1720ஆம் ஆண்டு ஜூன் 19ஆந் திகதி எழுபத்தொன்பதாம் வயதில் காலமாகி, விம்பிள்டனில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் கையெழுத்துத் தன்வரலாறு நெடுங்காலம் மறைந்து கிடந்து, 1911ஆம் ஆண்டில் அச்சேறியது.

நாம் கொள்ளத்தக்கவை

நொக்ஸின் வாழ்க்கையிலிருந்து மாணவர் கொள்ளத்தக்கவை இரண்டு. முதலாவது, அயல்மொழியைக் கற்றல் தாய்மொழியைத் துறத்தல் ஆகாது என்பது. சிங்களத்தைச் சந்தையிலே கற்ற அவர், தாய்மொழி நூலை ஒரு தொப்பி கொடுத்து வாங்கிக் காத்தார். இரு மொழியும் இருந்தமையாலேயே அவர் நூல் பிறந்தது. ஒன்று மாத்திரம் இருந்திருப்பின் பிறந்திராது.

இரண்டாவது, கேட்ட சொல்லைத் திரிக்காது எழுதி, அறிந்த அளவே விளக்கம் கூறுதல். சொற்பிறப்பு ஆராய்வார்க்கு இது தலையாய பண்பு. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர், 1938ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தம் சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியில் இத்துறைக்கு அரும்பணி புரிந்தார். அவர் வழியில் நிற்க விரும்புவோர், ஆங்கிலச் சொல்லெல்லாம் தமிழே என்று ஆராயாது முழங்குதலையும், தமிழில் ஒன்றுமில்லை என்று நாணுதலையும் ஒருங்கே விலக்கவேண்டும்.

ஒரு சொல்லை எடுத்துக்காட்டி இதனை முடிப்போம். இந்த ஹந்தானை மலைச்சரிவில் தேயிலை வளர்த்த நம் முன்னோரை வெள்ளைத் துரைமார் 'கூலி' என்று அழைத்தனர். அச்சொல் ஆங்கில அகராதியிலும் இழிகுறிப்போடு ஏறிற்று. அது உழைப்புக்கு ஈடாகிய ஊதியத்தைக் குறிக்கும் நம் தமிழ்ச் சொல் என்பர் சிலர். கூர்ச்சர நாட்டுக் கோளி என்னும் குலத்தார் பெயர் என்பர் வேறு சிலர். இரண்டும் கலந்தன என்பாரும் உளர். எவ்வாறாயினும், நம் மொழியில் கூலி என்பது உழைத்தவன் கைக்கு நியாயமாய் வரவேண்டிய பொருள். அதில் இழிவு இல்லை. பொருளை ஈயாது பெயரை மாத்திரம் ஆளுக்கு இட்டவரிடத்தே இழிவு உளது. நம் கல்லூரியில் பயிலும் பிள்ளை அவ்வகராதியை விரித்து அச்சொல்லைக் காணும்போது தலைகுனியவேண்டியதில்லை. அதன் வரலாற்றை முற்றக் கற்று, பிறர்க்கும் எடுத்துரைக்கும் ஆற்றல் அப்பிள்ளைக்கு வாய்க்குமாயின், இக்கல்லூரி ஆற்றிய பணியின் பயன் அதுவேயாம்.